குழந்தை முன், காதல் பின்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தில் உறவுகளின் வரிசை

ஆய்வுச் சுருக்கம்

களவு, கற்பு, மகப்பேறு என்னும் வரிசை தமிழ் அகமரபில் நிலைபெற்ற ஒன்று. மணிரத்னம் இயக்கத்தில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தில் இவ்வரிசை மாறுகிறது. அகதி முகாமில் விடப்பட்ட பெண் குழந்தை ஒன்று முதலில் வருகிறது. அக்குழந்தையின் பொருட்டு மணம் நிகழ்கிறது. காதல் அதன் பிறகே தன்னை நிறுவிக்கொள்கிறது. இம்மாற்றத்தைச் சங்கப் பாடல்கள், மணிமேகலை, முந்தைய தமிழ்த் திரைப்படங்கள், இந்தியத் தத்தெடுப்புச் சட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இந்திராவின் தாய்மை எதனால் உறுதிப்படுகிறது என்பதே ஆய்வின் மைய வினா.

திறவுச்சொற்கள்: தத்தெடுப்பு, கைவிடப்பட்ட குழந்தை, அகமரபு, செவிலி, மணிரத்னம், சுஜாதா, ஈழ அகதிகள்.

முன்னுரை

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ குறித்த எழுத்துகளில் பெரும்பாலானவை ஈழப்போரைப் படம் காட்டிய விதத்தையோ, ஒன்பது வயதுச் சிறுமி தன் ஈன்ற தாயைத் தேடிச் செல்லும் பயணத்தையோ மையமாகக் கொண்டவை. படத்தின் கதை அதற்கு இடம் தருகிறது. எனினும் அச்சிறுமி அமுதாவின் கதைக்குள் இன்னொரு கதை உண்டு. எழுத்தாளனும் பொறியாளனுமாகிய திருச்செல்வனும் அவனை அறிந்த இளம்பெண் இந்திராவும் ஒருவரையொருவர் நெருங்கத் தயங்கி, பின்னர் ஒரு குழந்தையின் பொருட்டு மணம் புரிந்துகொள்ளும் கதை அது. பின்னோக்கு உத்தியில் சிறிது நேரமே சொல்லப்படுவதால் ஆய்வாளர்களின் கவனத்தை அது போதிய அளவு பெறவில்லை. படத்தின் பிற்பகுதியில் இந்திரா படும் துயரத்தின் வேர் இப்பகுதியில்தான் இருக்கிறது.

படத்தின் உரையாடலை எழுதியவர் சுஜாதா. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர். ஆற்றுக்குத் தென்கரையில், காந்தி மார்க்கெட்டின் இரைச்சல் நிறைந்த திருச்சிராப்பள்ளி நகரின் புனித வளனார் கல்லூரியில் பயின்றவர். பெற்றோர் அல்லாத ஒருவரின் கையில் வளரும் குழந்தைப் பருவம் அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளின் களம். இதனைப் படத்தின் கருவோடு நேராக முடிச்சிடுவது மிகையாகும், கதை மணிரத்னத்தினுடையது. ஆயினும் வளர்ப்பு உறவைக் கண்ணீராக்காமல், சிறுமியின் குறும்புப் பேச்சிலும் பெற்றோரின் சிறு சலிப்பிலும் காட்டும் உரையாடல் நடை, அக்கதைகளைப் படித்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

அகமரபின் வரிசை

தொல்காப்பியம் களவியலை முன்னும் கற்பியலை அதன் பின்னும் வைக்கிறது. மக்களோடு நிறைந்து சுற்றத்தோடு அறம் புரியும் வாழ்க்கை கற்பியலின் இறுதிப் பகுதியில், இன்பம் முதிர்ந்த பருவத்திற்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. குழந்தை காதலின் விளைவு. ஒருபோதும் அதன் காரணம் அன்று.

மருதத் திணையில் புதல்வனுக்கு வேறொரு பணி உண்டு. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன், ஊடியிருக்கும் தலைவியை நெருங்கப் புதல்வனைத் தழுவுகிறான். கற்பியல் வாயில்களாகச் சொல்லும் பன்னிருவரின் பட்டியலில் புதல்வன் இடம்பெறவில்லை. இருந்தும் மருதப் பாடல்களில், குறிப்பாக மருதக்கலியில், பாணனும் பாங்கனும் செய்ய இயலாததைத் தெருவில் விளையாடித் திரும்பும் சிறுவன் செய்துவிடுகிறான். அங்கும் அவன் வருவது ஏற்கெனவே அமைந்து, இடையில் முறிந்த காதலை ஒட்டவைப்பதற்கே.

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனார் அதனைச் செவிலி கூற்றுப் பத்தோடு தொடங்குகிறார். அதன் முதற்பாட்டில் (401) தலைவனும் தலைவியும் புதல்வனை நடுவில் கிடத்தி உறங்கும் காட்சியை, குட்டியை இடையில் கொண்ட மான் இணைக்கு ஒப்பிடுகிறாள் செவிலி. இப்பாடலைக் குடும்ப இன்பத்தின் சித்திரமாக மட்டுமே உரைப்பது வழக்கம். அதனைச் சொல்பவள் யார் என்பது கூடுதல் கவனத்திற்கு உரியது. பிறர் ஈன்ற மகளைத் தன் மகளாக வளர்த்தவளே அக்காட்சியைக் காணவும் நற்றாய்க்கு வந்து சொல்லவும் உரிமை பெற்றவள். நற்றாய், செவிலி என்னும் இரு தாயரையும் வேறுபடுத்திப் பெயரிட்ட மரபு, ஈன்றவளே தாய் என்னும் ஒற்றை வரையறைக்குள் அடங்கவில்லை.

இதற்கு வலுவான சான்று சாகலாசனார் பாடிய அகநானூற்றின் 16ஆம் பாடல். தெருவில் தனித்து நிற்கும் புதல்வனைப் பரத்தை ஒருத்தி யாரும் காணவில்லை என்று எண்ணி அணைத்துக்கொள்கிறாள். தலைவி கண்டுவிடுகிறாள். களவு செய்து பிடிபட்டவள் போலப் பரத்தை நிலத்தைக் கீறி நிற்கிறாள். அவளைக் கடியாமல், இவனுக்கு நீயும் தாய்தான் என்கிறாள் தலைவி. பாடலில் குத்தல் இருக்கிறது; பின்னர் தலைவனிடம் அதனை எடுத்துச் சொல்வதில் ஊடலும் இருக்கிறது. எனினும் ஈன்ற தாய் ஒருத்தியே இன்னொருத்தியைத் தாய் என்று அழைக்கும் இவ்விடம், இத்திரைப்படத்தைப் படிக்க உதவும் அரிய திறவுகோல்.

கண்டெடுத்தவர்களும் கண்டெடுக்கப்பட்டவர்களும்

கைவிடப்பட்ட குழந்தை தமிழ்க் கதைமரபில் புதியதன்று. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் வள்ளி கிடைக்கிறாள், உழுசாலில் சீதை, துளசித் தோட்டத்தில் ஆண்டாள். இம்மூவருமே வளர்ந்து காதலின் தலைவியர் ஆகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்டெடுக்கப்பட்ட கோதை, ஸ்ரீரங்கத்து அரங்கனோடு ஒன்றியதாக வைணவக் குருபரம்பரை சொல்லும். கண்டெடுப்பவரோ தந்தை நிலையில் உள்ள முதியவர். அரசன், வேடர் தலைவன், ஆழ்வார். கண்டெடுத்தவரின் காதல் இக்கதைகளுக்குத் தேவைப்படவில்லை.

மணிமேகலையின் ஆபுத்திரன் கதை இவற்றினும் கடுமையானது. குமரியாட வந்த சாலி வழியில் ஈன்ற மகவைத் தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் பசு பாலூட்டுகிறது. வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி மனைவியோடு அவ்வழி வந்து குழந்தையை எடுத்துச் சென்று, மகிழ்ந்து வளர்த்துக் கல்வியும் அளிக்கிறான். வேள்விப் பசுவை ஆபுத்திரன் மீட்டபோது எழுந்த வாதத்தில் அவன் பிறப்பு வெளிப்படுகிறது. வளர்த்த தந்தையே அவனை வீட்டினின்று வெளியேற்றுகிறான். வளர்ப்பு உறவு, பிறப்பின் செய்தி வெளிவரும் வரை மட்டுமே நிற்கும் என்பதைச் சாத்தனார் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறார். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்திலும் பிறப்பின் உண்மை வெளிவரும் தருணமே திருப்புமுனை. ஆனால் அங்கு விலகுவது வளர்த்தவர் அல்லர், குழந்தை.

தமிழ்த் திரைப்படம் தொடக்க காலத்திலேயே இக்கருவை எடுத்துக்கொண்டது. ஏவி.எம். தயாரித்த ‘வாழ்க்கை’ (1949) படத்தில், ஏமாற்றப்பட்ட பெண்ணின் குழந்தை நாதனின் காரில் விடப்படுகிறது. அவன் அதனை வளர்க்க முற்பட, அவனுக்கும் மோகனாவுக்கும் இடையிலான காதலில் ஐயம் நுழைகிறது. டி. ஆர். இராமச்சந்திரனும் வைஜயந்திமாலாவும் நடித்த இப்படத்தில் குழந்தை காதலுக்கு ஒரு தடை. யாருடையது என்ற வினா தீர்ந்தால் தடையும் தீர்ந்துவிடும். ‘பராசக்தி’ (1952) படத்தில் கல்யாணி ஆற்றில் எறிந்த குழந்தை விமலாவின் படகில் விழுந்து பிழைக்கிறது. விமலாவும் குணசேகரனும் இணைவதற்கும் அக்குழந்தைக்கும் கதையில் தொடர்பு உண்டு. ஆனால் குழந்தை தன் தாயிடமே திரும்புகிறது. படம் அனாதை இல்லம் தொடங்குவதில் முடிகிறது. தனிக்குழந்தையின் கேள்வியைச் சமுதாய நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் ஒப்படைத்தது திராவிட இயக்கத் திரைப்படத்தின் இயல்புக்கு ஏற்ற முடிவே.

மேலைத் திரைப்படத்தில் இக்கரு நகைச்சுவையின் பக்கம் சாய்ந்தது. சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தில் நாடோடி ஒருவன் தனியாளாகவே குழந்தையை வளர்க்கிறான். ‘பேச்சலர் மதர்’ (1939) படத்தில் கடை ஊழியப் பெண் ஒருத்தியே கைவிடப்பட்ட குழந்தையின் தாய் என்று எல்லாரும் தவறாகக் கருத, கடை முதலாளியின் மகன் அக்குழப்பத்தின் வழியே அவளிடம் ஈடுபாடு கொள்கிறான். ‘வாழ்க்கை’யோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இரண்டிலும் குழந்தையைச் சுற்றி எழுவது தவறான ஊகம்; அது சிரிப்பையோ சிக்கலையோ தருகிறது. திருச்செல்வன், இந்திரா கதையில் தவறான ஊகம் என்பதே இல்லை. குழந்தை யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.

சட்டத்தின் வரிசை

போரில் கணவனைப் பிரிந்து, கடல் கடந்து இராமேஸ்வரம் முகாமுக்கு வந்த சியாமா அங்கு பெண் குழந்தையை ஈன்று, அதனை விட்டுத் தன் மண்ணுக்குத் திரும்பிவிடுகிறாள். அக்குழந்தையைப் பற்றி எழுதத் தொடங்கும் திருச்செல்வன் அதனைத் தத்தெடுக்க விரும்புகிறான். மணமாகாதவனுக்குக் குழந்தையைத் தர இயலாது என்ற தடை எழுகிறது. அவன் இந்திராவை மணக்கிறான். கதைப்போக்கில் இது எளிதாகக் கடந்துவிடும் இடம். சட்டத்தோடு வைத்துப் படித்தால் இவ்விடம் வேறு பொருள் தருகிறது.

கதைநிகழ் காலம் 1990களின் தொடக்கம். அன்று இந்துக்களுக்கு நடைமுறையில் இருந்தது 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். பெற்றோரால் கைவிடப்பட்டு இந்துவாக வளர்க்கப்படும் குழந்தையும் இந்துவே என்ற விளக்கமும், அத்தகைய குழந்தையை அதன் காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கலாம் என்ற விதியும் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தவை. மணமாகாத ஆண் தத்தெடுப்பதை அச்சட்டம் முற்றிலும் விலக்கவில்லை. பெண் குழந்தையாயின் அவன் அக்குழந்தையினும் குறைந்தது 21 ஆண்டுகள் மூத்தவனாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே படம் காட்டும் தடை சட்டநூலின் தடை என்பதைவிட, நிறுவனங்களின் முன்னெச்சரிக்கை எனக் கொள்வதே பொருந்தும்.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. மனைவி உள்ள ஆண் தத்தெடுத்தால் அம்மனைவி தத்துத் தாயாகக் கருதப்படுவாள். மணமாகாத ஆண் முதலில் தத்தெடுத்து, பின்னர் மணந்தால் அம்மனைவி அக்குழந்தைக்கு மாற்றாந்தாய். குழந்தையும் அவர்தாம், கணவனும் அவன்தான், மனைவியும் அவள்தான். நிகழ்ச்சிகளின் வரிசை ஒன்று மட்டும் மாறினால் உறவின் பெயர் மாறிவிடுகிறது. திருச்செல்வனுக்குக் குழந்தை எளிதில் கிடைத்து, அதன் பின் அவன் இந்திராவை மணந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அவள் அமுதாவின் தாயாகியிருக்க மாட்டாள். தடையே அவளைத் தாயாக்கிற்று.

இதற்குள் ஒரு முரணும் உண்டு. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, மணமாகாத பெண் தன் உரிமையிலேயே தத்தெடுக்க இடமளித்தது. பெண் குழந்தையாயின் அவளுக்கு வயது இடைவெளி நிபந்தனையும் இல்லை. ஆயினும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை; தத்தெடுப்பவன் கணவன், அவள் இசைவு தருபவள் மட்டுமே. இந்நிலை 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மாறியது. அதாவது கன்னியாக இருந்தபோது அமுதாவைத் தனித்துத் தத்தெடுக்கத் தகுதியுடையவளாக இருந்த இந்திரா, அக்குழந்தையின் பொருட்டு மணந்த கணத்தில் அத்தகுதியை இழந்து, சம்மதக் கையெழுத்து இடுபவள் ஆகிறாள். படம் இதனைப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் இந்திராவின் தாய்மை ‘கருதப்படும்’ தாய்மையாகச் சட்டத்தில் இருந்தது என்பதை அறிந்தவருக்கு, படத்தின் பிற்பகுதி கூடுதல் கனத்தோடு தோன்றும்.

இன்றைய விதிகள் வேறு. சிறார் நீதிச் சட்டம், 2015இன் 57ஆம் பிரிவு தனித்த ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுப்பதை வெளிப்படையாகவே தடுக்கிறது. தனித்த பெண்ணுக்கு அத்தகைய தடை இல்லை. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், 2022இன்படி தம்பதியர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை நடத்தியிருக்க வேண்டும். திருச்செல்வன் கண்ட வழி இன்று பயன்படாது. மணந்த கையோடு குழந்தையை வாங்கிக்கொள்ள அவர்களால் இயலாது. குழந்தைக்காகச் செய்யப்பட்ட மணம் நிலைக்குமா என்ற ஐயமே இவ்விதியின் பின்னணி எனலாம். அந்த ஐயம் இந்திராவுக்கும் உரியது.

இருவரின் தயக்கம்

திருச்செல்வனின் தயக்கமும் இந்திராவின் தயக்கமும் ஒரே வகையினதல்ல. அவன் எழுத்தாளன், சொல்ல வேண்டியதைக் கதையில் சொல்பவன், நேரில் சொல்லாதவன். அவனுடைய புனைபெயரே ‘இந்திரா’ என்பது. தன் அன்பை அவளிடம் சொல்வதற்குப் பதிலாக அவள் பெயரை எடுத்துத் தன் எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறான். பெண்ணின் பெயரை ஊரறியச் சொல்லாமை அகப்பாட்டின் விதி. இவனோ பெயரை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, உரியவளிடம் மட்டும் மறைக்கிறான். அவனது அச்சம் தன் நெஞ்சு வெளிப்படுவதைப் பற்றியது.

இந்திராவின் தயக்கம் தற்காப்பு. தன்னை மணக்க விரும்புபவனுக்குத் தான் வேண்டுமா, தன்னால் கிடைக்கும் குழந்தை வேண்டுமா? களவொழுக்கத்தில் தலைவிக்கு எழும் அச்சம், தலைவன் வரைந்துகொள்வானா என்பது. இங்கு வரைவு முதலிலேயே கேட்கப்பட்டுவிட்டது. காதல் உண்டா என்பதே ஐயம். சங்கத் தலைவி வரைவு வேண்டி வருந்த, இந்திரா வரைவின் காரணம் அறிய வருந்துகிறாள். இத்தலைகீழாக்கம் படத்தின் தனித்தன்மை. ‘வாழ்க்கை’யின் மோகனாவுக்கு இருந்தது கணவனாகப் போகிறவனின் ஒழுக்கம் பற்றிய ஐயம், இந்திராவுக்கு அந்த ஐயம் சிறிதும் இல்லை. அவனுடைய நல்லெண்ணமே அவளை அச்சுறுத்துகிறது. அறச்செயல் ஒன்றில் தான் ஒரு கருவியாகிவிடுவோமோ என்ற இந்த அச்சத்தைத் தமிழ்த் திரைப்படத்தின் காதல் தலைவியரிடம் காண்பது அரிது.

அவள் இசைகிறாள். தன்னை விரும்பியா, குழந்தையை விரும்பியா என்ற வினாவுக்கு முழு விடை கிடைத்த பிறகன்று. விடைக்குக் காத்திராமல், தானும் அக்குழந்தையை விரும்பத் தொடங்கியதால். இருவரும் ஒருவரையொருவர் நோக்குவதைவிட ஒரே பக்கம் நோக்குகிறார்கள். பேயனாரின் செவிலி கண்ட மான் இணைக்கு நடுவில் குட்டி இருந்தது போல இங்கும் நடுவில் குழந்தை இருக்கிறது. ஆனால் இங்கே நடுவில் இருப்பது வந்ததால்தான் இரு பக்கமும் அமைந்தன.

படத்தின் தலைப்பு பாரதியின் கண்ணன் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பது பலரும் அறிந்ததே. அத்தொகுதியில் ‘கண்ணம்மா’ குழந்தையாகவும் வருகிறாள், காதலியாகவும் வருகிறாள். மணிரத்னம் தலைப்பை எடுத்தது குழந்தையாகிய கண்ணம்மாவின் பாட்டிலிருந்து. ஒரே பெயர் இருவருக்கும் பொருந்தும் அத்தொகுதியின் அமைப்பு, குழந்தையன்பும் காதலும் பிரித்தறிய முடியாமல் தொடங்கும் இக்கதைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இப்பொருத்தம் திட்டமிட்டதா என்று தேடுவதால் பயன் அதிகமில்லை.

ஒன்பதாம் பிறந்தநாள்

இந்திராவின் ஐயத்திற்கு மணவாழ்க்கை விடை தந்திருக்க வேண்டும். இரு மகன்களும் பிறக்கிறார்கள். அமுதாவின் ஒன்பதாம் பிறந்தநாளில், அவள் தத்தெடுக்கப்பட்டவள் என்ற உண்மையைப் பெற்றோர் சொல்கிறார்கள். பொய்யில்லாத நல்ல முடிவு அது. அதன் விலையை மிகுதியாகச் செலுத்துபவள் இந்திரா. தந்தையைவிடத் தாயே ஐயத்திற்கு உள்ளாகிறாள், ஏனெனில் அமுதா தேடுவது தாயை. முகாமைத் தேடி வீட்டை விட்டு ஓடவும் செய்கிறாள். சட்டம் தவிர்த்த ‘மாற்றாந்தாய்’ என்னும் நிலையைச் சிறுமியின் விலகல் அவள் மேல் சுமத்துகிறது. குழந்தைக்காகத் தன்னை மணந்தானோ என்று ஒருகாலத்தில் அஞ்சியவள், இப்போது அக்குழந்தையையே இழக்கும் நிலைக்கு வருகிறாள். மணத்திற்கு அடித்தளமாக இருந்த கல்லே ஆடுகிறது.

இந்நிலையில் இந்திரா செய்வதுதான் படத்தின் காதல் கதைக்கு முடிச்சவிழ்ப்பு. அவளும் இலங்கைக்குப் போகிறாள். போரின் நடுவில் தன் மகளின் ஈன்ற தாயைத் தேடும் பயணத்தில் கணவனுக்கு இணையாக நடந்து, துப்பாக்கிச் சூட்டில் காயமும் அடைகிறாள். மனைவியின் இசைவு மட்டும் போதும் என்றிருந்த சட்டத்தின் ‘கருதப்படும் தாய்’ இங்கு இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரே பக்கம் நோக்கிய இருவரும் மீண்டும் ஒரே பக்கம் நோக்குகிறார்கள். முன்பு குழந்தையை அடைவதற்காக, இப்போது அதனை விட்டுக்கொடுக்கவும் துணிந்து. திருச்செல்வனுக்குத் தான் கருவியல்லள், துணை என்பது அவளுக்கு உறுதிப்படுவது இப்பயணத்தில் எனலாம். காதலைச் சொல்லும் காட்சி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 6 தேசிய விருதுகளைப் பெற்ற இப்படத்தில் சிமரனின் நடிப்புக்கு விருது இல்லை என்பதை இங்கே நினைவுகூரலாம். இந்திராவின் பாத்திரம் எவ்வளவு அடக்கமாக எழுதப்பட்டது என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு.

இறுதியில் மழையில் பூங்கா ஒன்றில் சியாமா வருகிறாள். அமுதா எழுதிக் கொண்டுவந்த வினாக்களுக்கு அவளிடம் விடை இல்லை. உடன் வருமாறு மகள் அழைத்தும் அவள் போரிடமே திரும்புகிறாள். அகநானூற்றுத் தலைவி தெருவில் நின்ற இன்னொருத்தியிடம் குத்தலோடு சொன்னதைச் சியாமா எச்சொல்லும் இன்றிச் செய்து முடிக்கிறாள். அமுதா இந்திராவின் பக்கம் திரும்புகிறாள். ஈன்றவள், வளர்த்தவள், வளர்த்தவளை மணந்தவன் ஆகிய மூவரும் அந்தச் சட்டகத்திற்குள் நிற்க, அவர்களுள் யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் கடைசியாக முடிவு செய்பவள் ஒன்பது வயதுச் சிறுமி.